வேகமாக்கிய நிரலை ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் சேர்க்க வைப்பது எப்படி: வேலூர்ப் பக்கத்துப் புதியவர்களுக்கு

காட்பாடி, சத்துவாச்சாரி, ராணிப்பேட்டைப் பக்கம் வீட்டில் உட்கார்ந்தபடியே ஓப்பன் சோர்ஸ் வேலை பார்க்க ஆரம்பித்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏதோ ஒரு லைப்ரரியில் (பலரும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பில்) ஒரு ஃபங்ஷன் ஆமை வேகத்தில் ஓடுவதைப் பார்க்கிறீர்கள், ராத்திரி கண்விழித்து அதை வேகமாக்குகிறீர்கள், ஆசை ஆசையாகப் புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) போடுகிறீர்கள், அங்கிருந்து "நன்றி, ஆனால் படித்தால் புரியவில்லை" என்று ஒரே வரியில் பதில் வருகிறது. சில சமயம் அதுவும் வருவதில்லை. தமிழ் உரையைக் கையாளும் ஒரு லைப்ரரிக்கு (பெயர் எதற்கு) பேட்ச், அதாவது திருத்திய நிரல், அனுப்பி நான் இதில் நன்றாகவே அல்லாடியிருக்கிறேன். கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் நான் எழுதியதில் பாதியைத்தான். எந்தப் பாதி நின்றது, மீதி ஏன் கழிந்தது என்பது தெரிந்தால் உங்களுக்கு நிறைய ராத்திரித் தூக்கம் மிச்சமாகும்.

வேகம் என்ற ஒரே காரணத்துக்காக எந்த மெயின்டெய்னரும் (திட்டத்தைப் பராமரிப்பவரும்) நிரலைச் சேர்ப்பதில்லை. நீங்கள் வேறு வேலையைப் பார்க்கப் போன பிறகு அதைக் கட்டி மேய்க்கப் போகிறவர் அவர்தான். தன்னால் முடியுமா என்றுதான் முதலில் பார்ப்பார்.

1. காகித வேலையை முதலில் முடியுங்கள்

கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், ஏனென்றால் இதில் ஏதாவது ஒரு காகிதம் இன்னொருவர் கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கும்.

திட்டத்தின் களஞ்சியத்தில் "கான்ட்ரிப்யூட்டிங்" என்ற பெயரில் ஒரு ஃபைல் இருந்தால் அதை முழுக்கப் படியுங்கள். வெளியாள் அனுப்பும் பேட்ச்சை வாங்காத திட்டங்களும் உண்டு. எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் அப்படித்தான்: நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் வெளியிலிருந்து வரும் பேட்ச்சை அப்படியே உள்ளே விடமாட்டார்கள். இது தெரியாமல் வாரக்கணக்கில் உழைத்தால் யாரைக் குறை சொல்வது?

அடுத்தது உரிமை சம்பந்தமான கையெழுத்து. இதில் இரண்டு வழிகள் அதிகம் புழங்குகின்றன. ஒன்று சிஎல்ஏ, அதாவது பங்களிப்பாளர் ஒப்பந்தம். பைதான் மொழியின் மூல நிரலில் கைவைக்க இது வேண்டும், இணையத்திலேயே கையெழுத்துப் போட்டுவிடலாம். இன்னொன்று டிசிஓ, அதாவது இந்த நிரலைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி. லினக்ஸ் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கேட்பது இதைத்தான். தனிப் படிவம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கமிட்டோடும் (பதிவுசெய்யும் மாற்றத்தோடும்) எழுதும் செய்தியின் அடியிலும் "சைன்டு-ஆஃப்-பை" என்று போட்டு உங்கள் பெயரும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும். கமிட் கட்டளையோடு சின்ன எஸ் ஆப்ஷனைக் கொடுத்தால், மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட் தானாகவே அந்த வரியைச் சேர்த்துவிடும்.

இங்கே நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல். கிட்டில் வெறும் பெயர், ஒப்பந்தத்தில் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டது, மின்னஞ்சலில் கல்லூரி முகவரி என்று மூன்றும் மூன்று விதமாக இருக்கும். சிஎல்ஏ சரிபார்க்கும் பாட் (தானியங்கி நிரல்) கமிட்டில் உள்ள மின்னஞ்சலைத்தான் பார்க்கும், அது பொருந்தவில்லை என்றால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதனால் முதல் கமிட்டுக்கு முன்பே ஒரு பெயர், ஒரு முகவரி என்று முடிவுசெய்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். கல்லூரி மின்னஞ்சல் வேண்டவே வேண்டாம், படிப்பு முடிந்ததும் அது மூடிப்போகும்.

ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள். வேலை நேரத்துக்கு வெளியே எழுதியதும் கம்பெனிக்கே சொந்தம் என்பதுபோல ஒரு வரி உள்ளே எங்கேயாவது இருக்கலாம். இருந்தால் எச்ஆரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மேனேஜர் காபி குடிக்கும்போது "அதெல்லாம் பரவாயில்லப்பா" என்று சொன்னது கணக்கில் வராது. குனு என்ற கட்டற்ற மென்பொருள் தொகுப்பின் திட்டங்கள் சிலவற்றில் பதிப்புரிமையையே ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும், அதற்கு உங்கள் கம்பெனியின் கையெழுத்தையும் கேட்பார்கள். அவற்றில் ஜிசிசி என்ற கம்பைலர் 2021-லிருந்து டிசிஓவையும் ஏற்றுக்கொள்கிறது.

2. மெதுவாக இருப்பது அந்த இடம்தானா

கண்ணால் பார்த்தே "இதுதான் மெதுவாக இருக்கும்" என்று முடிவுகட்டுவதை நிறுத்துங்கள். எங்கே நேரம் போகிறது என்று காட்டும் ப்ரொஃபைலர் எதற்கு இருக்கிறது? பைதானில் கூடவே வரும் சிப்ரொஃபைல் போதும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நிறுத்தாமல் பார்க்க வேண்டுமா, பைஸ்பை இருக்கிறது. சி, சி++, ரஸ்ட் என்றால் லினக்ஸின் பெர்ஃப். எல்லாமே இலவசம்.

ஒரு கணக்கு. மொத்த நேரத்தில் ஒரு ஃபங்ஷன் எடுத்துக்கொள்வது 5 சதவீதம்தான் என்று வையுங்கள். அதை நீங்கள் எவ்வளவு முறுக்கினாலும், நேரமே எடுக்காத அளவுக்குச் செய்தாலும், முழுப் புரோகிராமும் வேகமாவது சுமார் 1.05 மடங்குக்குத்தான். ஆம்டால் விதி என்று கல்லூரியில் படித்திருப்பீர்கள், தேர்வோடு மறந்திருப்பீர்கள். "இந்த ஃபங்ஷன் பத்து மடங்கு வேகம்" என்று நீங்கள் எழுதும்போது மெயின்டெய்னர் மனதில் ஓடுவது இந்தக் கணக்குதான்.

சிப்ரொஃபைல் ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்பையும் கணக்கெடுப்பதால் பைதானில் எழுதிய சின்னச் சின்ன ஃபங்ஷன்களை உள்ளதைவிட மெதுவாகக் காட்டும். எங்கே நேரம் போகிறது என்று தேட அதைப் பயன்படுத்துங்கள், எவ்வளவு நேரம் என்று சொல்லப் பயன்படுத்தாதீர்கள். அளப்பது வேறு வேலை, அடுத்த படி.

இடம் தெரிந்ததும் நிரலைத் தொடாமல், திட்டத்தின் பக்கத்தில் ஒரு இஷ்யூ (விவாதக் குறிப்பு) திறங்கள். இத்தனை பெரிய உரையைக் கொடுத்தேன், இவ்வளவு நேரம் ஆனது, நேரத்தில் பெரும்பகுதி இந்த ஃபங்ஷனில் போகிறது, மாற்ற நினைக்கிறேன், உங்களுக்குச் சம்மதமா? இவ்வளவு போதும். "அந்தப் பகுதியையே அடுத்த வெளியீட்டில் தூக்கப் போகிறோம்" என்று பதில் வந்தால் உங்கள் மாதம் தப்பித்தது.

3. அளப்பது: வேலூர் வெயிலையும் கணக்கில் சேருங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலானவர்களின் எண்கள் பொய்யாகின்றன, அதுவும் நம் ஊரில்.

மே மாதம் கத்திரி வெயிலில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மொட்டைமாடிக்குக் கீழ் உள்ள அறையில், ஃபேன் காற்றே அனலாக அடிக்கும் மதியத்தில், லேப்டாப்பில் பெஞ்ச்மார்க் (வேகம் அளக்கும் சோதனை) ஓட்டினால் என்ன ஆகும்? சிப் சூடேறியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். பழைய நிரலை முதலில் ஓட்டினீர்கள், அப்போது லேப்டாப் கொஞ்சம் குளிர்ச்சி. புதியதை அடுத்து ஓட்டினீர்கள், அப்போது அது கொதிக்கிறது. புதிய நிரல் நிஜமாகவே வேகமாக இருந்தாலும் மெதுவாகத் தெரியும். வரிசையை மாற்றி ஓட்டினால் இல்லாத வேகம் இருப்பதாகத் தெரியும், அது இன்னும் ஆபத்து, ஏனென்றால் சந்தோஷத்தில் யாரும் திரும்பச் சரிபார்ப்பதில்லை.

அதனால் விடியற்காலையில் அளங்கள். பழையது, புதியது, பழையது, புதியது என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள், ஒன்றை மொத்தமாக முடித்துவிட்டு மற்றதைத் தொடங்காதீர்கள். பயாஸில் டர்போவை (சிப் தற்காலிகமாகக் கூடுதல் வேகத்தில் ஓடும் வசதியை) அணைக்க வழி இருந்தால் அணைத்துவிடுங்கள். லினக்ஸில் சிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் சிபியு கவர்னரை "பெர்ஃபார்மன்ஸ்" என்று வைத்துவிடுங்கள். பிரவுசரை மூடுங்கள், பின்னால் யூடியூபில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அளப்பதற்கு அர்த்தமே இல்லை.

கரண்ட் இன்னொரு தொல்லை. பராமரிப்புக்காக நாள் முழுக்க நிறுத்தும் தேதியாவது முன்கூட்டியே தெரிந்துவிடும். நடுவில் ஐந்து நிமிடம் போய்வருவதுதான் கழுத்தறுப்பு. சார்ஜர் துண்டான அந்த நிமிடமே லேப்டாப் பேட்டரி சிக்கன முறைக்குப் போகும், பாதி எண்கள் ஒரு வேகத்திலும் மீதி வேறு வேகத்திலும் இருக்கும், திரையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. அளக்கும் ஸ்கிரிப்ட்டிலேயே ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் சார்ஜர் இணைந்திருக்கிறதா என்பதை ஒரு வரி பதிவுசெய்ய வையுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

கருவிகளைப் பற்றி. பைதானில் டைம்இட் எளிது. அது பல சுற்று ஓட்டித் தரும் எண்களில் சராசரியைவிடக் குறைந்தபட்சத்தைப் பாருங்கள், அதைத்தான் அதன் ஆவணமும் சொல்கிறது, மற்றச் சுற்றுகளில் கூடுதலாகத் தெரியும் நேரம் பெரும்பாலும் வேறு புரோகிராம்கள் குறுக்கிட்டதால் வந்தது. டைம்இட் குப்பை சேகரிப்பை (பயன்படாத நினைவகத்தை மீட்கும் வேலையை) அணைத்துவிட்டுத்தான் ஓட்டும், அதனால் நிறையப் பொருள்களை உருவாக்கித் தள்ளும் நிரல் நிஜத்தில் இருப்பதைவிட நல்லபிள்ளையாகத் தெரியலாம். இன்னும் ஒழுங்காக வேண்டுமென்றால் பைபெர்ஃப். அது தனித்தனி புராசஸ்களில் ஓட்டும், எண்கள் அலைபாய்ந்தால் எச்சரிக்கும். முழுக் கட்டளையையே அளக்க ஹைப்பர்ஃபைன் அருமையானது, வார்ம்அப் சுற்று (கணக்கில் சேராத ஆரம்ப ஓட்டம்) கொடுக்க மறக்காதீர்கள். சி, ரஸ்ட்டில் ஆப்டிமைசேஷன் இல்லாத டீபக் பில்டை அளந்து எண் அனுப்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள்.

லேப்டாப்பை நம்பவே முடியவில்லை என்றால் நேரத்தை விட்டுவிட்டு, சிப் செய்த கட்டளைகளின் எண்ணிக்கையை அளக்கலாம். வால்கிரைண்ட் என்ற கருவித் தொகுப்போடு வரும் கேஷ்கிரைண்ட் இதைச் செய்யும். வெயிலும் கரண்ட்டும் அதன் எண்ணைப் பெரிதாக அசைக்காது. எஸ்கியூலைட் குழு சின்னச் சின்ன மேம்பாடுகளை இப்படித்தான் அளக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் நூற்றுக்கணக்கான மாற்றங்களைச் சேர்த்துச் சேர்த்து, 2014-ல் வந்த 3.8.7 பதிப்பில், அதற்கு முந்தைய ஆண்டின் 3.7.17-ஐவிட அதே வேலையை 50 சதவீதம் வேகமாகச் செய்யவைத்தார்கள். கடிகாரத்தை வைத்து அளந்திருந்தால் அந்தச் சின்ன மாற்றங்கள் இரைச்சலில் காணாமல் போயிருக்கும்.

எதை வைத்து அளப்பது? "அம்மா" என்ற சொல்லைப் பத்து லட்சம் முறை ஒட்டிச் செய்த உரை வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியாவின் முழு உரையையும் இலவசமாக இறக்கலாம். பழைய உரைக்கு மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் இருக்கின்றன. அதோடு ஆங்கிலமும் எண்களும் எமோஜியும் கலந்த அன்றாட உரையும் கொஞ்சம் வேண்டும், நிஜத்தில் வரப்போவது அதுதான்.

4. முதலில் படிக்க எளிதாகும் மாற்றம், அப்புறம்தான் தந்திரம்

நான் கைவைத்தது ஒரு சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கும் ஃபங்ஷன். "வேலூர்" நமக்கு மூன்று எழுத்து: வே, லூ, ர். கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் அது 6 குறிகள், அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 18 பைட். பைதானிடம் நீளம் கேட்டால் 6 என்று சொல்லும். அதனால் மெய்யையும் அதன் துணைக்குறியையும் புள்ளியையும் ஒட்டவைத்து மூன்றாகத் தர ஒரு ஃபங்ஷன் தேவைப்படுகிறது.

பழைய நிரல் எல்லா எழுத்துகளையும் ஒரு லிஸ்ட்டில் வைத்திருந்தது. 247 எழுத்து, அதோடு கிரந்தமும் சேர்ந்தால் 300-ஐத் தாண்டும். சொல்லின் ஒவ்வொரு இடத்திலும் "இது லிஸ்ட்டில் இருக்கிறதா" என்று தலையிலிருந்து வால் வரை தேடும். போதாததற்கு அந்த லிஸ்ட்டை ஃபங்ஷனுக்கு உள்ளேயே, ஒவ்வொரு அழைப்பிலும், புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தது.

லிஸ்ட்டை ஃபங்ஷனுக்கு வெளியே கொண்டுவந்து செட்டாக மாற்றுவது இரண்டு மூன்று வரி வேலை. செட்டில் தேடுவதற்குச் சராசரியாக ஒரே படி போதும், அளவு முந்நூறானாலும் முப்பதாயிரமானாலும். அப்புறம் முடிவை சரத்தோடு (எழுத்துத் தொடரோடு) சரமாகக் கூட்டிக்கொண்டே போவதை விட்டு, துண்டுகளை லிஸ்ட்டில் போட்டுக் கடைசியில் ஜாயின் செய்வது. வழக்கமான பைதானான சிபைதான் முதல் வகையையும் சில நேரம் வேகமாகச் செய்துவிடும், ஆனால் அதை நம்பி எழுதாதே என்று பெப் 8 என்ற பைதான் நடை விதியே சொல்கிறது. இந்த இரண்டு மாற்றத்தோடும் நேரத்தின் பெரும்பகுதி விழுந்துவிட்டது, நிரலும் முன்பைவிடச் சின்னதாகி, பார்த்ததும் புரிகிற மாதிரி ஆனது. நின்ற பாதி இதுதான்.

கழிந்த பாதி என்ன? தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8ல் 3 பைட் என்பதாலும், முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே, இரண்டாவது பைட் இரண்டில் ஒன்று என்பதாலும், குறிகளை விட்டுவிட்டு பைட் பைட்டாகவே ஓட்டி, மூன்றாவது பைட்டை ஒரு எண் அட்டவணையில் பார்த்து முடிவுசெய்யலாம். செய்தேன். இன்னும் கொஞ்சம் வேகம் வந்தது. கூடவே பதினறும எண்கள் நிறைந்த ஒரு அட்டவணையும் வந்தது. லூப்புக்கு வெளியே மெத்தடுக்கு ஒரு தனிப் பெயர் வைத்துக்கொள்ளும் பழைய பைதான் தந்திரத்தையும் சேர்த்திருந்தேன். பைதான் 3.11-லிருந்து நிரலை ஓட்டும் இன்டர்ப்ரெட்டரே அடிக்கடி ஓடும் இடங்களைத் தானாக வேகப்படுத்திக்கொள்வதால் அந்தத் தந்திரத்தின் ஆதாயம் முன்னளவுக்கு இல்லை, ஆனால் படிப்பவருக்கு வரும் குழப்பம் அப்படியே இருக்கிறது.

என்னோடு சேர்ந்து பழகும் குடியாத்தத்துப் பையன் ஒருவனுக்கு இதில் சமாதானமே ஆகவில்லை. "அண்ணா, வேகம் வருது இல்ல, அப்புறம் எதுக்கு விட்டுத்தரணும்?" என்றான். அவன் இன்னொரு திட்டத்துக்கு எழுதி வைத்திருந்த பழைய தந்திரம் ஒன்றைத் திறந்து, "இந்த வரி என்ன பண்ணுதுன்னு சொல்லுப்பா" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தான். "ஓட்டிப் பார்த்துட்டு சொல்றேண்ணா" என்றான்.

வேகத்துக்காகக் கைவைக்கும்போது தமிழில் தனியாகச் சில பொறிகள் உண்டு. "கொ" என்பதை ஒரே துணைக்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அட்டவணையில் முதல் வடிவம் மட்டும் இருந்தால் இரண்டாவது வடிவத்தில் வந்த உரை உடைந்துபோகும். உள்ளே நுழையும் இடத்திலேயே யூனிகோடின் என்எஃப்சி முறைக்கு (ஒன்றாகச் சேர்த்த வடிவத்துக்கு) மாற்றிவிட்டால் தீர்ந்தது. "க்ஷ" நமக்கு ஓரெழுத்து, யூனிகோடில் 3 குறி. "ஸ்ரீ" 4 குறி. புள்ளி வந்தால் எழுத்து முடிந்தது என்று குறுக்குவழி போட்டால் இந்த இரண்டும் துண்டாகிவிடும். வேகமான தவறான பதில் யாருக்கும் வேண்டாம்.

5. அசிங்கமான வரி தவிர்க்கவே முடியாவிட்டால்

சில இடங்களில் தவிர்க்க முடியாதுதான். அப்போது அதை ஒரு சின்ன ஃபங்ஷனுக்குள் அடைத்து, வெளியே தெளிவான பெயர் கொடுத்துவிடுங்கள். ஃபைல் முழுக்கப் பரவ விடாதீர்கள். மேலே ஏன் இப்படி என்று கமென்ட் எழுதுங்கள்: எதை அளந்தீர்கள், எந்தப் பதிப்பில், எளிய வழியைவிட எவ்வளவு ஆதாயம், எப்போது இதைத் தூக்கிவிடலாம். என்ன செய்கிறது என்று வரிக்கு வரி விளக்குவது கமென்ட்டின் வேலை இல்லை.

கமென்ட்டில் அடங்காத அளவு பெரிய விஷயமென்றால் தனி ஆவணம். பைதானின் வரிசைப்படுத்தும் முறையான டிம்சார்ட் 2002-ல் டிம் பீட்டர்ஸ் எழுதியது, எளிய நிரல் இல்லை. ஆனால் மூல நிரலுக்குப் பக்கத்திலேயே "லிஸ்ட்சார்ட்" என்று ஒரு உரை ஃபைல் இருக்கிறது, ஏன் இந்த வழி, எதையெல்லாம் முயன்றார், என்னென்ன அளந்தார் என்று நிதானமாக விளக்கும். நுணுக்கமான நிரலை எப்படி ஒப்படைக்க வேண்டும் என்று தெரிய அதை ஒருமுறை படியுங்கள்.

பழைய மெதுவான நிரலைத் தூக்கி எறியாதீர்கள், டெஸ்ட் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கண்டபடி உருவாக்கிய ஆயிரக்கணக்கான சொற்களை இரண்டுக்கும் கொடுத்து, விடை ஒன்றாக வருகிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்ட், ரிவ்யூ செய்பவரின் பாதி பயத்தைப் போக்கிவிடும்.

நல்ல வேகத் தந்திரமும் கெட்டுப்போகும். லினக்ஸ் கெர்னலில், ஒவ்வொரு உறுப்பும் அடுத்ததன் முகவரியை வைத்திருக்கும் இணைப்புப் பட்டியலில் நடக்கும் லூப்களில், அடுத்த உறுப்பை முன்கூட்டியே எடுத்துவைக்கச் சொல்லும் ப்ரீஃபெட்ச் கட்டளை வருஷக்கணக்காக இருந்தது. பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் நிஜத்தில் பெரும்பாலான பட்டியல்கள் மிகச் சின்னவை. கடைசியில் வெற்று முகவரியைப் போய் ப்ரீஃபெட்ச் செய்வதே செலவாகிக்கொண்டிருந்தது, இந்தக் கால சிப்களும் அந்த வேலையைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. 2011-ல் அளந்து பார்த்துவிட்டுத் தூக்கினார்கள். கெர்னல் நிபுணர்கள் போட்டதே இப்படி என்றால், உங்கள் கமென்ட்டில் பதிப்பும் தேதியும் இருப்பது எவ்வளவு முக்கியம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

6. பேட்ச்சோடு போக வேண்டிய விவரங்கள்

மனை வாங்கும்போது வில்லங்கச் சான்றிதழ் பார்க்காமல் யாராவது அட்வான்ஸ் கொடுப்பார்களா? மெயின்டெய்னரும் அப்படித்தான், காகிதம் கேட்பார். லினக்ஸ் கெர்னலின் பேட்ச் அனுப்பும் விதியில், வேகமோ நினைவகமோ மேம்பட்டது என்று சொன்னால் எண் கொடு, அதற்காக எதை இழந்தாய் என்பதையும் சொல் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

புல் ரிக்வெஸ்ட் விவரத்தில் நான் இப்போது எழுதுவது: எந்தச் சிப், எவ்வளவு ராம், எந்த இயங்குதளம், மொழியின் எந்தப் பதிப்பு, உரை எங்கிருந்து எடுத்தது, அளந்த ஸ்கிரிப்ட், அவர் அப்படியே ஓட்டிப் பார்க்கும்படி, முன் எவ்வளவு, பின் எவ்வளவு, எவ்வளவு அலைபாய்கிறது, நினைவகம் கூடியிருந்தால் அதுவும். எங்காவது மெதுவாகியிருந்தால் அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மிகச் சின்ன சொற்களுக்கு என் மாற்றத்தால் ஆதாயமே இல்லை என்று நான் எழுதியிருந்தேன், ரிவ்யூ செய்தவர் அதற்குப் பிறகுதான் மற்ற எண்களை நம்ப ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன்.

கமிட்களைப் பிரித்து அனுப்புங்கள். முதலில் டெஸ்ட். அடுத்து நடத்தை மாறாத சுத்தப்படுத்தல். அதற்கடுத்து எளிய வேகம். தந்திரம் இருந்தால் கடைசியில், தனியாக, தேவையில்லை என்றால் அதை மட்டும் கழற்றி எறியும்படி. எல்லாவற்றையும் ஒரே கமிட்டில் அமுக்கினால் பிடிக்காத ஒரு வரிக்காக மொத்தமும் திரும்பி வரும். எடிட்டர் தானாக ஃபைல் முழுவதையும் ஃபார்மட் செய்யும் வசதியை அந்தத் திட்டத்துக்கு மட்டுமாவது அணைத்துவிடுங்கள். நீங்கள் மாற்றியது மூன்று வரி, மாற்றங்களைக் காட்டும் டிஃப்பில் தெரிவது முந்நூறு வரி என்றால் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

புதிதாக வந்தவர் புரியாத வேக நிரல் அனுப்பினால் சந்தேகப்படுவதற்குக் காரணமும் இருக்கிறது. 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்திருந்தது வெளியானது. வருஷக்கணக்காக நல்லபடியாகப் பங்களித்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் வைத்தது. உள்ளே நுழைய அது பிடித்துக்கொண்ட கொக்கி, வேகத்துக்காகவே என்று சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்த ஐஃபங்க் என்ற வசதி, சிப்புக்கு ஏற்ற ஃபங்ஷனை ஓடும்போது தேர்ந்தெடுப்பது. கண்டுபிடித்த ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்டும் வேகம் அளந்துகொண்டிருந்தவர்தான், எஸ்எஸ்எச் (வேறு கணினிக்குள் தொலைவிலிருந்து நுழையும் வழி) லாகின் அரை வினாடி கூடுதலாக எடுப்பது அவர் கண்ணில் பட்டது. அதனால் "இந்த வரி எதற்கு" என்று கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

7. காத்திருக்கும் காலம்

கெர்னலில் ஞாபகப்படுத்துவதற்கு முன் குறைந்தது ஒரு வாரமாவது பொறு என்பது எழுதப்பட்ட விதி. சின்னத் திட்டங்களில் மெயின்டெய்னர் வேலைக்குப் போய்வந்து ராத்திரியில் பார்ப்பவராக இருப்பார், இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு வரியில் மெதுவாகக் கேட்கலாம். தினமும் கேட்காதீர்கள். ரிவ்யூவில் சொன்னதை மாற்றினால் அதே கிளையில் (பிராஞ்சில்) மாற்றுங்கள், பழையதை மூடிவிட்டுப் புதிது திறந்தால் பேசியதெல்லாம் தொலைந்துபோகும்.

வெளியீட்டு நாட்காட்டியையும் பாருங்கள். வேக மேம்பாடு பெரும்பாலும் பிழைதிருத்தப் பதிப்புகளில் சேராது, அடுத்த பெரிய பதிப்புக்குத்தான். பைதானில் 3.9-லிருந்து வருஷத்துக்கு ஒரு பெரிய பதிப்பு, அக்டோபரில். ஆனால் மே மாதம் முதல் பீட்டா (சோதனைப் பதிப்பு) வந்ததும் புதியவற்றுக்குக் கதவு மூடிவிடும். ஜூனில் சேர்ந்த மாற்றம் பயனர்கள் கைக்குப் போக அடுத்த வருஷ அக்டோபர் ஆகலாம். ரெஸ்யூமில் போட அவசரப்படுபவர்கள் இதை மனதில் வையுங்கள்.

8. செலவு

பெரிதாக எதுவும் இல்லை. திட்டங்களின் நிரலை வைத்திருக்கும் தளமான கிட்ஹப்பில் கணக்கு இலவசம். பொதுத் திட்டங்களுக்கு அதன் சாதாரண சிஐ மெஷின்களும் (அனுப்பிய நிரலைத் தானாகச் சோதிப்பவை) இலவசம், ஆனால் அவை பலரும் பகிர்ந்துகொள்பவை, அங்கே வந்த நேர எண்ணைப் பெஞ்ச்மார்க் என்று காட்டாதீர்கள். சிஎல்ஏவுக்கோ டிசிஓவுக்கோ கட்டணம் கிடையாது, யாராவது கேட்டால் ஏமாற்று.

வேறு சிப்பில் அளக்கச் சொன்னால் கிளவுடில் மணிக்கணக்குக்கு ஒரு சர்வர் எடுக்கலாம். இரண்டு விஷயத்தில் கவனம். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் அணைத்தே வந்திருக்கும், வங்கி ஆப்பில் போய் இயக்க வேண்டும், வேலை முடிந்ததும் மறுபடி அணைத்துவிடுங்கள். சர்வரை ஷட்டவுன் மட்டும் செய்தால் பல இடங்களில் டிஸ்க்குக்குக் காசு ஓடிக்கொண்டேயிருக்கும், அழித்தால்தான் நிற்கும். நண்பர் யாரிடமாவது வேறு மாடல் லேப்டாப் இருந்தால் ஸ்கிரிப்ட்டை அனுப்பி ஓட்டச் சொல்வது இதைவிட மலிவு, ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் முடிந்தது.

9. வேண்டாம் என்று சொல்லிவிட்டால்

சொல்வார்கள். அப்போது எதைக் கழற்றினால் சேர்ப்பீர்கள் என்று ஒருமுறை கேளுங்கள், மேலே சொன்னபடி கமிட்களைப் பிரித்திருந்தால் பதில் சுலபமாக வரும். டெஸ்ட்டையும் பெஞ்ச்மார்க் ஸ்கிரிப்ட்டையும் மட்டுமாவது சேர்க்கச் சொல்லுங்கள், அதைப் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அடுத்து வருபவருக்கு அது உதவும், அது நீங்களாகவும் இருக்கலாம்.

தந்திரம் உங்களுக்கு நிஜமாகவே தேவை என்றால் தனிப் பேக்கேஜாக வெளியிடுங்கள், உரிமம் அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழைய ஃபங்ஷனின் அதே பெயரிலும் அதே அளவுருக்களோடும். என் பைட் அட்டவணை இப்போது அப்படித்தான் இருக்கிறது. அதைப் பயன்படுத்துபவர்கள் கொஞ்சம் பேர்தான், கோடிக்கணக்கான சொற்களை ஓட்டுபவர்கள். பைதானின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அதை அளந்து பார்ப்பது என் பொறுப்பு, அந்த மெயின்டெய்னருடையது இல்லை.